ஒரே எண்ணில் இரண்டு பேர்

சென்னையிலுள்ள ஒரு கம்பெனிக்காக, விருத்தாசலத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்தபடி நான் வேலை பார்க்கிறேன். ஆஸ்பத்திரிகளுக்கான சாஃப்ட்வேர். அதில் என் பங்கு குவெரி எழுதுவது. குவெரி என்றால் டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி, அவ்வளவுதான். இன்றைக்கு எந்த டாக்டரிடம் யார் யார் வருகிறார்கள், போன வாரம் ஊசி போட வேண்டிய குழந்தைகளில் யார் வரவில்லை என்று கேட்டால் அது பதில் சொல்லும். கேட்ட கேள்விக்குத்தான் சொல்லும். நாம் மனதில் நினைத்திருந்த கேள்வி அதற்குத் தெரியாது. கேள்வியைத் தப்பாகக் கேட்டுவிட்டு, பதில் ஏன் தப்பாக வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வதிலேயே என் பகலில் பாதி போய்விடும்.

இந்த வேலை தெரியும் என்பதால் எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்தின் மொபைல் ஆப்பும் என் தலையில் வந்து விழுந்தது. அதை எழுதியவர் எங்கள் தெருக்காரர்தான். மலேசியாவில் வேலை கிடைத்துப் போகும்போது பாஸ்வேர்டுகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஊரில் யாராவது இறந்தால், மவுத் என்று பள்ளிவாசல் மைக்கில் சொல்வதற்குப் பதிலாக இப்போது எல்லார் போனுக்கும் செய்தி போகும். நிக்காஹ், பிறப்பு, குர்பானி, எல்லாம் அதில்தான். ஜமாஅத் செயலாளர் ஏரியாவையும் குடும்ப எண்ணையும் அந்தக் குடும்பத்தில் எத்தனையாவது ஆள் என்பதையும் தட்டினால் போதும், பெயர், தகப்பனார் பெயர், தெரு எல்லாவற்றையும் ஆப்பே எடுத்துப் போட்டுச் செய்தியை அனுப்பிவிடும். நான் பொறுப்பெடுத்த பிறகு அது ஒருநாளும் தகராறு செய்ததில்லை. அதனால் அதன் புரோகிராம் கோட் முழுவதையும் திறந்து படிக்க வேண்டிய தேவையும் வரவில்லை.

அன்று காலை நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். போன் ஒருமுறை அதிர்ந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். மவுத் செய்தி. பெயரைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டிலிருந்து நாலைந்து வீடு தள்ளியிருக்கும் ஒரு அக்காவின் கணவர். குவைத்தில் ஒரு பிளாண்டில் வேலை. வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. போன ரமலானுக்கு வந்திருந்தபோது என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஒரு பிரஷர் பார்க்கும் மிஷின் வாங்கிவந்து, அதைக் கையில் எப்படிச் சுற்றுவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த மனுஷர்.

கீழேயிருந்து அம்மா அலறினாள். "ஏய், போன பாத்தியா? யா அல்லா, அந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு?"

மீட்டிங்கை அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன். முக்காடைச் சரியாகப் போட்டுக்கொள்ளக்கூட அம்மாவால் முடியவில்லை. இருவரும் ஓடினோம்.

அக்கா வீட்டு வாசலில் அதற்குள் பத்திருபது பேர் கூடிவிட்டார்கள். லோடு ஆட்டோவிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. உள்ளே பெண்கள். அக்கா சமையலறை நிலைப்படிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மீன் ஆய்ந்துகொண்டிருந்திருக்கிறாள். கையெல்லாம் செதில். யாரும் அவள் கையைக் கழுவிவிடக்கூட நினைக்கவில்லை. அவள் அழவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்து ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"காலைல பேசினாங்களே. டூட்டிக்குப் போறேன்னு சொன்னாங்களே. என்ன கொழம்புன்னு கேட்டாங்களே."

ஒரு கிழவி அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி போலக் குரலெடுத்தாள். பின்கட்டில் சிலர் மவுத்து வீட்டுக்குச் சாப்பாடு ஆக்கி அனுப்புவது யார் என்று பேசி முடித்து, அரிசியும் அளந்துவிட்டார்கள். மாடியில் அக்காவின் பெண்ணை ஸ்கூலிலிருந்து யார் கூட்டி வருவது, அவளிடம் என்ன சொல்வது என்று ஒரு பேச்சு.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, அங்கேருந்து யாருக்கா போன் பண்ணாங்க?" என்று கேட்டேன்.

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். "யாரும் பண்ணலம்மா. நான் பண்ணா எடுக்க மாட்டேங்கறாங்க. பிளாண்டுக்குள்ள போனா போன லாக்கர்ல வெச்சிருவாங்க."

பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன். "ஜமாஅத்து மெசேஜு வந்துதே" என்றாள். வாசலில் நின்ற அக்காவின் மச்சினரைக் கேட்டேன். அவரும் கண்ணைத் துடைத்தபடி அதையேதான் சொன்னார். குவைத்தில் இருக்கும் ஊர்க்காரர்களைக் கேட்டுப் பார்த்தீர்களா என்றேன். கேட்டார்களாம். அவர்களும் அந்த மெசேஜைப் பார்த்துவிட்டுத்தான் பதறிக்கொண்டிருக்கிறார்களாம்.

அத்தனை பேரும் அழுதுகொண்டிருந்தது ஒரே ஒரு மெசேஜுக்காக. அதைத் தவிர வேறு எந்தப் பக்கமிருந்தும் எந்தச் செய்தியும் இல்லை.

செயலாளருக்குப் போன் போட்டேன். அவர் ஜங்ஷனில் ரயிலேறிச் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டேன். அதேதான். அங்கே யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு ஓடிவந்து லேப்டாப்பைத் திறந்தேன். அவசரத்தில் பாஸ்வேர்டு தப்புத் தப்பாக விழுந்தது.

மவுத் பதிவுகள் இருக்கும் டேபிளில் அன்றைய தேதிக்கு ஒரே ஒரு பதிவு. செயலாளர் தன் போனிலிருந்து போட்டது. குடும்ப எண் இருந்தது. முதல் ஆள் என்று இருந்தது. அந்தக் குடும்ப எண் அக்கா வீட்டுடையதுதான். அப்படியானால் செய்தி சரியா? ஒரு நிமிஷம் எனக்கும் நம்பிக்கை விட்டுப்போயிற்று. ஆனால் அந்தப் பதிவில் இன்னொரு கட்டமும் இருந்தது. ஏரியா எண். அதில் எங்கள் தெருக்களுக்குரிய எண் இல்லை.

அப்போதுதான் ஆப்பின் கோட் ஃபைலைத் திறந்தேன். செய்தி அனுப்பும் இடத்தைத் தேடி, பெயரை எடுக்கும் குவெரியைக் கண்டுபிடித்தேன். இந்தக் குடும்ப எண், இத்தனையாவது ஆள், இவருடைய பெயரைக் கொடு என்று கேட்டிருந்தது. எந்த ஏரியா என்று கேட்கவே இல்லை. கடைசியில் ஒரு சின்ன வரி: 'லிமிட் ஒன்'. எத்தனை பேர் கிடைத்தாலும் முதலில் வருபவரை மட்டும் எடுத்துக்கொள் என்று அதற்கு அர்த்தம்.

அந்த வரியை நீக்கிவிட்டுக் குவெரியைக் கையால் ஓட்டினேன்.

திரையில் இரண்டு பேர் வந்தார்கள்.

முதலில் அக்காவின் கணவர், அந்த அண்ணன். அவருக்குக் கீழே ஒரு பெண்ணின் பெயர். செராமிக் கம்பெனிகளுக்குப் பின்னால் புதிதாக மனை போட்டு வீடுகள் வந்திருக்கும் நகர். அந்த நகர்க் குடும்பங்களைச் சில மாதங்களுக்கு முன்னால்தான் எங்கள் ஜமாஅத்தில் சேர்த்திருந்தார்கள். அவர்களுக்கும் ஒன்றிலிருந்து எண் போட்டு, வித்தியாசம் தெரிய ஏரியா எண் என்று புதுக் கட்டம் வைத்திருக்கிறார்கள். பதிவு போடும் இடத்தில் அதைச் சேர்த்தவர், பெயரை எடுக்கும் இந்தக் குவெரியில் விட்டுவிட்டார். சேர்த்த பிறகு அந்த நகரில் யாரும் மவுத்தாகவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை.

அந்த அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்ற நினைப்பில் எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. அடுத்த நொடி இன்னொன்று உறைத்து, நாற்காலியிலேயே பேயறைந்தவள்போல உட்கார்ந்துவிட்டேன். அவர் சாகவில்லை என்றால், செத்துப்போனவர் ஒருவர் இருக்கிறார். ஊருக்கே அது தெரியாது. ஊர் மொத்தமும் வேறொரு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்கிறது.

அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே ஒரு போன் நம்பர் இருந்தது. போட்டேன். என்ன கேட்பது என்று யோசிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். ஒரு பெண் குரல்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஜமாஅத்து ஆப்பு பாக்கறவ பேசறேன். உங்க வூட்ல..."

"வ அலைக்கும் ஸலாம். எங்கம்மா விடியக்கால பஜ்ருக்கே மவுத்தாயிட்டாங்க" என்றது அந்தக் குரல். அழுது ஓய்ந்த குரல். "செயலாளர்கிட்ட அப்பவே சொல்லிட்டேங்க. எல்லாரும் வந்துருவாங்கம்மான்னு சொன்னாரு. இன்னும் யாருமே வரலைங்க. குளிப்பாட்ட ஆள் வேணும்ங்க."

"இதோ வரோம்மா" என்று மட்டும் சொன்னேன்.

மறுபடி அக்கா வீட்டுக்கு ஓடினேன். வாசலில் நின்ற ஆண்களைத் தாண்டி உள்ளே போய், எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன். "மெசேஜு தப்பு. ஆப்புல கோளாறு. அண்ணனுக்கு ஒண்ணும் இல்ல. வேற ஏரியால ஒரு அம்மா மவுத்தாயிருக்காங்க, பேரு மாறிப்போச்சு."

யாரும் சந்தோஷப்படவில்லை. யாரும் நம்பவில்லை என்பதுதான் நிஜம். ஒப்பாரி வைத்த கிழவி கோபத்தோடு என்னைப் பார்த்தாள். "வெளயாடற எடமா இது? மெசேஜு வந்திருக்குது. எல்லாருக்கும்தான வந்திருக்குது?"

"எல்லாருக்கும் தப்பாத்தான் வந்திருக்குது நன்னி."

அக்கா மட்டும் என் முகத்தையே பார்த்தாள். நான் அவளுக்கு என்ன ஆதாரம் காட்ட முடியும்? லேப்டாப் திரையில் இரண்டு வரி பார்த்தேன் என்றா சொல்வேன்?

அந்த நேரத்தில் யாரோ ஒருத்தியின் கையிலிருந்த அக்காவின் போன் அடித்தது. அதன் முகப்பில் அவர் படமே வந்தது. கையில் வைத்திருந்தவள் பயந்துபோய் அதைக் கீழே போட்டுவிட்டாள். நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"எல்லாரும் என்ன பண்றீங்க அங்க?" அவர் கத்தினார். பின்னால் மிஷின் சத்தம். "பிரேக்ல போன எடுத்துப் பாக்கறேன், நான் மவுத்தாயிட்டேன்னு எனக்கே மெசேஜு வந்திருக்குது! வூட்ல யாருக்கு என்ன ஆச்சு? அம்மா நல்லாருக்காங்களா? யாராவது பேசுங்களேன்!"

அவரும் ஜமாஅத்து உறுப்பினர்தானே. அவர் மவுத்துச் செய்தி அவர் போனுக்கும் போயிருக்கிறது.

அக்கா எழுந்து நின்றாள். போனைத் தொடவில்லை. சற்றுத் தள்ளி நின்றுகொண்டே கேட்டாள். "நீங்கதானா பேசறது?"

"நான்தான்டி. என்னா கேக்கற?"

"நீங்கதான்னா சொல்லுங்க. காலைல என்ன மீனு வாங்கியிருக்கேன்னு சொன்னேன்?"

மிஷின் சத்தத்துக்கு மேலே, "கெண்ட" என்றார். "திட்டக்குடி வண்டியில வந்த ஏரி மீனுன்னு சொன்ன."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நின்ற இடத்திலேயே மடங்கி உட்கார்ந்து, "போன எதுக்கு லாக்கர்ல வெக்கறீங்க, எதுக்கு வெக்கறீங்க" என்று தரையில் அறைந்து அறைந்து அழுதாள். அவரோ அந்தப் பக்கம் என்ன செய்வதென்று தெரியாமல், "வெக்கல, இனிமே வெக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை அழுத பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

நான் அங்கேயே ஓரமாக உட்கார்ந்து போனில் புதுச் செய்தி ஒன்றை அடித்தேன். ஆப்பு தானாக எதையும் எடுத்துப் போட வேண்டாம் என்று, பெயர், ஏரியா, தெரு எல்லாவற்றையும் நானே எழுத்தெழுத்தாக அடித்தேன். முன்னால் வந்த செய்தி தவறு, அவர் நலமாக இருக்கிறார் என்று ஒரு வரி. மவுத்தானவர் இன்னார், வீடு இங்கே என்று அடுத்த வரி. அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துவிட்டு அழுத்தப் பயந்தேன். அம்மாவிடம் கொடுத்து ஒருமுறை சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அவள் படித்த பிறகுதான் அழுத்தினேன். அந்த வீட்டிலிருந்த அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. அந்தச் சத்தத்துக்கு அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

இறந்தவரின் மய்யித்தைக் குளிப்பாட்டும் பெண்கள் இரண்டு பேர் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார்கள். அவர்களையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் போனேன். செராமிக் கம்பெனிகளைத் தாண்டிச் செம்மண் பாதையில் திரும்பினால், அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள். கடைசி வீடு. வாசலில் செருப்புகூட அதிகம் இல்லை.

உள்ளே அந்த அம்மாவைக் கட்டிலில் கிடத்தி, தாடையைத் துணியால் கட்டி, வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். பக்கத்து வீட்டு இந்துப் பெண் ஒருத்தி ஊதுவத்தி கொளுத்தி வைத்துவிட்டுத் துணைக்கு உட்கார்ந்திருந்தாள். மகளுக்கு என் வயதுதான் இருக்கும். பொம்மைக் கம்பெனியில் வண்ணம் தீட்டுகிற வேலை. விரல் நகங்களில் நீல வண்ணம் இன்னும் போகவில்லை. அவளும் அம்மாவும் மட்டும்தான் அந்த வீட்டில். சொந்தமெல்லாம் திட்டக்குடிப் பக்கம், பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார்கள். அவளிடம் இருந்தது பட்டன் போன். அதனால் ஊரெல்லாம் பார்த்த அந்த மெசேஜை அவள் பார்த்திருக்கவில்லை.

நடந்ததை நான் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்ததும் அவள் திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப, வாடகை வூட்டுக்காரங்கன்னுட்டு வராம இல்ல?" என்று கேட்டாள். "புதுசா வந்தவங்கதான, யாரு போறதுன்னு வுட்டுட்டாங்கன்னு நெனச்சேங்க. எங்கம்மாகிட்டயே சொல்லி அழுதேன். ஒனக்கு யாருமே இல்லம்மான்னு."

அம்மா போய் அவளைக் கட்டிக்கொண்டாள். நான் வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செத்துப்போன தாயிடம் ஒரு மகள் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள். அதற்குக் காரணம் ஒரு குவெரியில் விட்டுப்போன ஒரு கட்டம். வேலையில் இப்படி விட்டுப்போனதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு நோயாளியின் பெயர் திரையில் இரண்டு தடவை வரும், நான் சலித்துக்கொண்டே திருத்திவிட்டு டீ குடிக்கப் போவேன். அந்தத் திருத்தங்களின் மறுமுனையில் யார் இருந்தார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

சீக்கிரமே ஊர் வந்துவிட்டது. பைக்குகள், ஆட்டோக்கள், அதே நாற்காலிகளோடு அதே லோடு ஆட்டோ. வழக்கமாக வருவதைவிட அதிகமான ஜனம். குற்ற உணர்ச்சியோ என்னவோ, முன்பின் அறியாதவர்கள்கூட வந்தார்கள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு வேன் நிறைய வந்த ஆட்கள் அந்த அண்ணனுக்காகக் கிளம்பியவர்கள். விஷயம் தெரிந்ததும் திரும்பிப் போகாமல் நேரே இங்கே வந்துவிட்டார்கள். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு சந்தூக்குப் பெட்டியைத் தூக்கும்போது தோள் கொடுக்க அவ்வளவு நெருக்கடி. பின்கட்டில் அக்கா வீட்டுக்கென்று ஆக்கிய சோறு, சட்டி சட்டியாக இந்த வீட்டுக்கு வந்து இறங்கியது. கூடவே அக்காவும் வந்தாள். அவளை யாரும் எதிர்பார்க்கவில்லை. கண் வீங்கியிருந்தது. நேரே அந்தப் பெண்ணிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

செயலாளர் போன் உயிர்பெற்றதும் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். "நான் சரியாத்தானம்மா போட்டேன், நகர்னு பாத்துத்தானம்மா போட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "சரியாத்தான் போட்டிருக்கீங்க மாமா" என்றேன். மலேசியாவில் இருப்பவருக்கு அந்தக் குவெரியை அப்படியே அனுப்பினேன். அவர் கூப்பிட்டார். ஏரியாக்களைச் சேர்த்த அன்று இரண்டு பேர் வருகிறார்கள் என்று எர்ரர் காட்டியதாம். பிளைட்டுக்கு நேரமாகிவிட்டதால், எர்ரர் போனால் போதும் என்று அந்த லிமிட்டைப் போட்டாராம். "அது எச்சரிக்கை பண்ணிச்சு. நான்தான் வாயை அடைச்சுட்டேன்" என்றார். நான் அவரை ஒன்றும் சொல்லவில்லை. என்னைச் சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள். சாவி என்னிடம்தானே இருந்தது.

கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு அடுத்த நாட்களில் அந்த ஆப்பின் ஒவ்வொரு குவெரியையும் படித்தேன். அதே லிமிட் இன்னும் சில இடங்களில் இருந்தது. ஒன்று நிக்காஹ் செய்தி அனுப்பும் இடத்தில். யாருடைய கல்யாணத்தை யாருடையது என்று ஊருக்குச் சொல்லியிருக்குமோ. எல்லாவற்றிலும் ஏரியா எண்ணைச் சேர்த்தேன். ஒருவருக்கு மேல் வந்தால், அல்லது யாருமே வரவில்லை என்றால், செய்தி போகாமல் அப்படியே நிற்கும்படி மாற்றினேன். செயலாளர் தட்டியதும் பெயரைப் பெரிய எழுத்தில் காட்டி, இவர்தானா என்று கேட்கும்.

அந்த அண்ணன் அடுத்த மாதமே லீவில் வந்தார். தன் மவுத்துச் செய்தியை அவருடைய சூப்பர்வைசரிடம் காட்டினாராம். அவர் மிரண்டுபோய், முதலில் ஊருக்குப் போய் உன் வீட்டைப் பார் என்று அனுப்பிவைத்தாராம். எங்கள் வீட்டுக்கு வந்து அத்தாவிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் டீயை வைத்துவிட்டுத் தலை நிமிராமல் நின்றேன்.

"நீ ஏம்மா ஒரு மாதிரி நிக்கற? எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு சிரிப்பு குறைந்து, "எங்க வூட்லதான் இன்னும் சரியாகல. நான் தூங்கினா மூச்சு வருதான்னு மூக்குல கை வெச்சுப் பாக்கறா" என்றார்.

கடைசியாக ஒரு வேலை பாக்கியிருந்தது. மவுத்தான அம்மாவின் பதிவில் அவர் இல்லை என்று மாற்ற வேண்டும். மாற்றினால், அந்தக் குடும்பத்தின் முதல் ஆளாக மகள் தானாகவே மேலே வந்துவிடுவாள். ஒரு வரிதான். நிபந்தனையைச் சரியாகப் போடாவிட்டால் இன்னொருவருடைய பதிவும் சேர்ந்து மாறிவிடும். எழுதி முடித்த வரியைப் பல தடவை படித்தும் என்னால் ஓட்ட முடியவில்லை. அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். மதியச் சாப்பாட்டு நேரம், கம்பெனி வாசலில் இருந்து பேசினாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அம்மா பேர அழிச்சுடுவீங்களா?"

"அழிக்க மாட்டோம்மா. பேரு இருக்கும். மவுத்தாயிட்டாங்கன்னு மட்டும் காட்டும்."

"அப்ப எம் பேரு?"

"மேல வந்துரும்."

"சரியா இருக்குதான்னு ஒருக்கா படிச்சுக் காட்டுங்க."

படித்தேன். பெயர், தகப்பனார் பெயர், தாயார் பெயர், நகர், ஏரியா எண். ஒவ்வொன்றுக்கும் அவள் "ம்" என்று சொன்னாள். தாயார் பெயரை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

பிறகுதான் அந்த வரியை ஓட்டினேன். ஒரே ஒரு பதிவு மாறியது என்று திரை சொன்னது. அவளிடமும் அதைச் சொன்னேன். "சரிங்க, வேலைக்கு நேரமாச்சு, போயிட்டு வரேன்" என்று போனை வைத்தாள்.